அளந்தவர் கையெழுத்து

என் தையல் மெஷினுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு டேப்பு தொங்குகிறது. மஞ்சள் நிறம், இரண்டு முனையிலும் பித்தளைப் பட்டி. ஏழு வருடமாக அதில்தான் அளக்கிறேன், ஒரு நூல்கூட நீளவில்லை. அதை வாங்கிக் கொடுத்த மனிதரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரை எழுத மாட்டேன். அவர் மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. தமிழ் நன்றாகப் படிக்க வரும்.

புதுப்பட்டினம் பஜாரில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில் என் கடை. பக்கத்து அரசாங்க டவுன்ஷிப் ஆட்கள் காய்கறி வாங்க வரும்போது அப்படியே துணியையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவரும் அப்படி வந்தவர்தான். திருச்சிப் பக்கத்துக்காரர், டவுன்ஷிப் ஆபீசில் வேலை. "இன்னா வேல சார்?" என்று கேட்டதற்கு, "அளக்கிற கருவியெல்லாம் சரியா அளக்குதான்னு அளந்து பாக்கிற வேலை" என்றார். இதற்கெல்லாமா சம்பளம் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு நான் சட்டைக்கு அளவெடுக்கும்போது என் கையிலிருந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பையிலிருந்து ஒரு இரும்பு டேப்பை எடுத்து மேஜையில் நீட்டி, என்னுடையதை அதன் பக்கத்தில் வைத்தார்.

"உங்க டேப்பு முக்கால் இஞ்ச் நீண்டு போச்சு மேடம். துணி டேப்பு இழுத்து இழுத்து இப்படித்தான் ஆகும்."

"அட, வுடு சார். எல்லாம் உத்தேசந்தான். இத்தினி வருசமா இந்த டேப்புலதான் ஊரே துணி போட்டுகினு கீது."

"உத்தேசம்னு ஒண்ணு கிடையாது மேடம். ஒரு அளவு தெரியும், இல்லன்னா தெரியாது. உத்தேசம்ங்கிறது சோம்பேறி கண்டுபுடிச்ச வார்த்தை."

எனக்குச் சுருக்கென்றது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சட்டையைத் தைத்தேன். அடுத்த வாரம் அதை வாங்க வந்தவர் இந்த மஞ்சள் டேப்பைக் கொடுத்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. தன் கால்சட்டைக்கு அளவை அவரே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வந்திருந்தார். இடுப்பு, நீளம், தொடை எல்லாம் கால் இஞ்ச், அரைக்கால் இஞ்ச் வரைக்கும். கீழே தேதி போட்டு, 'அளந்தவர்' என்று எழுதி, கையெழுத்து.

"இது இன்னா சார், ரேஷன் கார்டுக்கு எழுதிக் குடுக்கிற மாறி?"

"ஆபீஸ் பழக்கம் மேடம். யாரு அளந்தாங்கன்னு தெரியாத அளவுக்கு மதிப்பே கிடையாது."

நான் அளவு நோட்டு வைத்திருப்பேன். அந்தச் சீட்டை அதில் ஒட்டிவைத்தேன். அன்றிலிருந்து அவர் கொடுத்த சீட்டையெல்லாம் ஒட்டிவைப்பது வழக்கமாகிவிட்டது. அவருக்கும் அது பிடித்திருந்தது.

அவருடைய அளவுப் பைத்தியத்தை வைத்துப் பஜாரே சிரிக்கும். மீன் வாங்கப் போனால் சட்டைப்பையில் சின்னதாக ஒரு கொக்கித் தராசு. சதுரங்கப்பட்டினத்திலிருந்து கூடை கொண்டுவரும் அம்மாள் ஒருமுறை, "இன்னா நைனா, மீனு வாங்க வந்தியா, என்னிய எட போட வந்தியா?" என்று சத்தம் போட, மார்க்கெட்டே கைகொட்டிச் சிரித்தது. அவர் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. தராசில் தொங்கிய மீனைப் பார்த்துவிட்டு, "அம்பது கிராம் கூட இருக்கும்மா" என்று அதற்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். குறைந்தால் விடமாட்டார், கூடினால் வைத்துக்கொள்ளமாட்டார். அந்த அம்மாள் அன்றையிலிருந்து அவருக்கென்று நல்ல வவ்வால் மீனாக எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

அதைவிட ஊரை உருக்கியது அவர் மகளின் பின்னல். பெண்டாட்டி பிரிந்து போனபின் ஆறு வயதுக் குழந்தையைத் தனியாக வளர்த்தார். காலையில் ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்துக் கூட்டிப் போவார். இரட்டைப் பின்னல், இரண்டும் ஒரே நீளம், ரிப்பன் முடிச்சுகூட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பிசகாது. ஸ்கேல் வைத்துப் பார்ப்பாராம். "தாயி கூட இப்புடி பின்ன மாட்டாடீ" என்று பூக்கடைக்காரி கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஒரு ஆம்பளை ஒரு நாள் தலை பின்னிவிட்டால் போதும், ஊர் உருகிப்போகும். நாமும் முப்பது வருடமாகப் பின்னுகிறோம், ஒரு நாய் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நானும் உருகினேன்.

அந்தப் பெண்டாட்டி திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே ஒரு கிராமத்துக்காரி. விவசாயக் குடும்பம். டவுன்ஷிப்பில் ஒப்பந்த வேலைக்கு வந்த இடத்தில் பழக்கமாகிக் கல்யாணம். அவள் வீட்டை விட்டுக் கிளம்பியபோது கையில் வேலையில்லை. குவார்ட்டர்ஸ் அவர் பேரில், பள்ளிக்கூடம் அங்கேயே. அதனால் பிள்ளை அவரிடமே இருக்கட்டும் என்று செங்கல்பட்டு கோர்ட்டில் முடிவானது. பிறகு அவளுக்கு மறைமலைநகரில் கார் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கிடைத்த நாலாம் மாதம் அவர் பிள்ளையின் செலவுக்குப் பங்கு கேட்டு மனுப் போட்டார்.

பஜாரில் இதற்கும் சிரித்தார்கள். "இன்னா அண்ணாத்த இது, ஆம்பள போயி பொம்பளகிட்ட ஜீவனாம்சம் கேக்கிறாரு!" என்று டீக்கடைக்காரர் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்.

"ஜீவனாம்சம் எனக்கில்ல, புள்ளைக்கு. அம்மா வளத்தா அப்பா குடுக்கணும். அப்பா வளத்தா அம்மா குடுக்கணும். சட்டம் ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதான்" என்றார் அவர்.

அதில் தப்பே இல்லை. இன்றைக்கும் சொல்வேன். என் புருஷன் இரண்டு பிள்ளைகளை என் தலையில் கட்டிவிட்டு ஓடியவன். ஒரு பென்சில் வாங்கிக் கொடுத்ததில்லை. பெற்றவர் யாரானாலும் கொடுக்கத்தான் வேண்டும். நான் அன்றைக்கு டீக்கடைக்காரரிடம் அவருக்காகச் சண்டை போட்டேன்.

மாதாமாதம் ஒரு தொகை என்று கோர்ட்டில் எழுதினார்கள். அதோடு பொங்கல், தீபாவளி, பிறந்தநாள் மூன்றுக்கும் பிள்ளைக்குத் துணி அம்மாதான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று அவராகவே கேட்டு எழுதவைத்தாராம். அளவு மட்டும் அவர் கொடுப்பார். என்னிடம் சொன்னார்: "பணம் கண்ணுக்குத் தெரியாது மேடம். துணி போட்டாதான் அம்மா குடுத்ததுன்னு புள்ளைக்குத் தெரியும்."

கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணை நினைத்தால் இப்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

முதல் தீபாவளிக்கு அவள் ரெடிமேட் எடுத்து அனுப்பினாள். சேரவில்லை என்று போனில் சொல்லிவிட்டார். சொன்னதோடு, புதுப்பட்டினத்தில் தெரிந்த டெய்லர் இருக்கிறார், அவரிடம் தைத்தால் சரியாக வரும் என்று என் கடையையும் காட்டிவிட்டார். பொங்கலுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று பஸ் மாறி அவள் வந்தாள். ஒல்லியான பெண். விரல் நுனியெல்லாம் கம்பெனி எண்ணெய்க் கறுப்பு, சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகாதது. கொண்டுவந்த துணியை முதலில் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

"கழுத்தாண்ட மட்டும் ஜரிக வேணாங்க்கா. அதுக்கு வேக்குரு வந்துடும். அழுதுகினே சொறியும்."

"ஏன்டீ, அந்த மனுசன வுட்டுட்டு வந்த? தங்கமாட்டம் கீறாரே" என்று கேட்டேன். எனக்கு வாய் நிற்காது.

அவள் சிரித்தாள். "அவரு வூட்ல கோடு போட்ட டம்ளர்லதான்க்கா தண்ணி. எவ்ளோ குடிச்சேன்னு தெரியணுமாம். ஒரு நாளு நான் ரெண்டு கரண்டி சோறு கூட துன்னேன்னு எழுதி வச்சாரு. அடிக்கல, திட்டல. எழுதி மட்டும் வச்சாரு." பிறகு போனில் அவர் அனுப்பிய சீட்டைக் காட்டினாள். எனக்கும் தனியாக ஒரு சீட்டு வந்திருந்தது. அதே எழுத்து, அதே கையெழுத்து.

மாதம் ஒரு நாள் பிள்ளையைப் பார்க்கலாம் என்று கோர்ட்டில் சொல்லியிருந்தார்கள். முதல் ஆறு மாதத்துக்குப் பிறகு அது நடக்கவில்லை. பிள்ளையே வரமாட்டேன் என்கிறது, நான் என்ன செய்ய என்றாராம். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் வீடியோ போன். அதில் முகம் மட்டும் தெரியும்.

பிள்ளைத் துணியில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வளர்கிற பிள்ளை என்று பெற்றவர்களே இரண்டு இஞ்ச் சேர்த்துச் சொல்வார்கள். நாங்கள் அதற்கு மேல் ஒரு இஞ்ச் உள்ளே மடித்துவிடுவோம், பின்னால் பிரித்துவிட. அதனால் அந்தச் சீட்டில் மார்பு இருபத்தெட்டு என்று இருந்ததும், வளர்வதற்குச் சேர்த்திருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். "ஒருவாட்டி புள்ளையக் கூட்டியா சார்" என்று கேட்காமலும் இல்லை. "ஸ்கூல், டியூஷன், நேரமே இல்ல மேடம். நான் அளந்தா பத்தாதா?" என்றார். அளவையே அளக்கிற மனிதர். அவரிடம் பத்தாது என்று சொல்ல எனக்கு ஏது வாய்?

அடுத்த தீபாவளிச் சீட்டில் தோள் ஒன்றரை இஞ்ச் குறைந்திருந்தது. அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வளர்கிற பிள்ளைக்குத் தோள் எப்படிக் குறையும்? வேறு யார் கொடுத்திருந்தாலும் சீட்டை முகத்தில் விட்டெறிந்திருப்பேன். போன தடவை வளர்த்தி சேர்த்தார், இந்தத் தடவை உடம்பளவு கொடுத்திருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கத்தரியை எடுத்தேன்.

அந்தப் பொங்கலுக்குப் பிள்ளை ஸ்கூட்டரில் போனபோது வேறு ஏதோ உடுப்பு போட்டிருந்தது. நிறுத்திக் கேட்டேன். "நீங்க தைச்சது பெருசாப் போச்சு மேடம்" என்றார்.

"குடுத்தனுப்பு சார், புடிச்சுத் தரேன். பத்து நிமிசம்."

"வேண்டாம். அவ குடுத்தது எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்."

அவ்வளவு மெதுவாகச் சொன்னார். ஸ்கூட்டர் திரும்பும் வரைக்கும் அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டு தெருவில் நின்றேன். ஆனாலும் கடையில் கூட்டம், மறந்துவிட்டேன்.

பிள்ளைக்குப் பத்து வயதானபோது அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா வந்தது. நாட்டியத்துக்கு நாற்பது பெண்களுக்கு உடுப்பு, தையல் எனக்கு. வகுப்பறையில் வரிசையாக நிற்கவைத்து அளவெடுத்துக்கொண்டே வந்தேன். பதினேழாவதோ பதினெட்டாவதோ ஒரு பெண் வந்து நின்றது. இரட்டைப் பின்னல், ஒரே நீளம். பார்த்ததும் தெரிந்துவிட்டது.

அவர் வாங்கிக் கொடுத்த அதே டேப்பை அவர் மகளின் மார்பைச் சுற்றிப் போட்டேன். இருபத்தாறே கால். இரண்டு மாதம் முன்பு அவர் கொடுத்த சீட்டில் முப்பத்தொன்று. டேப்பை எடுத்து மறுபடியும் போட்டேன். இருபத்தாறே கால்.

"ஆன்ட்டி, நீங்கதான எங்கம்மா ட்ரெஸ் தைக்கிறவங்க?"

"ஆமா கண்ணு."

"அதுல ஒண்ணுகூட எனக்குச் சேர்ந்ததே இல்ல. தொளதொளன்னு இருக்கும், இல்லன்னா கையத் தூக்க முடியாது. அப்பா கண்ணாடி முன்னாடி நிக்க வச்சு போட்டோ எடுப்பாரு. அப்புறம் மடிச்சு பீரோல வச்சிடுவாரு."

"எத்தினி கீது பீரோல?"

"பத்து. நான் அழுவேன்னு அப்பா ஐஸ்கிரீம் வாங்கித் தருவாரு. 'அம்மாவுக்கு உன் அளவு ஞாபகம் இருக்காதுடா, விட்டுடு'ன்னு சொல்லுவாரு."

பின்னால் நின்ற பெண், "சீக்கிரம் ஆன்ட்டி" என்றது. மீதி இருபத்துச் சொச்சம் பிள்ளைகளுக்கு என்ன அளவெடுத்தேன் என்று எனக்கே தெரியாது. ஆண்டு விழாவில் பாதிப் பாவாடை தரையைக் கூட்டியது.

மறுநாள் அவர் கால்சட்டை வாங்க வந்தார். நோட்டைத் திறந்து பத்துச் சீட்டையும் காட்டி, பக்கத்தில் நான் எடுத்த அளவையும் வைத்தேன். "இது இன்னா சார்?"

ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவசரமே இல்லை. நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

"உத்தேசமா எழுதியிருப்பேன் மேடம்."

"நீயா? நீயா சார் உத்தேசமா எழுதுன?"

"கூலி அவ சரியாத்தான குடுக்கிறா? உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்றவர், போகிறவர் போலத் திரும்பி, பிறகு நின்றார். "அவ போனப்ப இந்தப் புள்ள மூணு நாள் ஜுரத்துல கெடந்துச்சு. நூத்தி மூணு, நூத்தி நாலுன்னு நான் மட்டும்தான் ராத்திரியெல்லாம் எழுதிக்கிட்டிருந்தேன். அது சீட்டு எதுலயும் வராது மேடம்."

அந்த ஒரு நிமிடம் அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று நாள் ஜுரத்துக்கு நாலு வருடமாக ஒரு குழந்தையைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி அழவைக்கிற மனிதரை என்ன சொல்வது? வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கால்சட்டையின் நீளத்தைச் சரிபார்த்து, மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

அவளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள் போலிருக்கிறது, இரைச்சல். எல்லாவற்றையும் கேட்டாள். திட்டுவாள், கத்துவாள், அழுவாள் என்று காத்திருந்தேன்.

"அக்கா, அப்ப நெஜத்துல எவ்ளோக்கா?"

"எது?"

"எம்புள்ள அளவு."

படித்தேன். மார்பு இருபத்தாறே கால். தோள் பதினொன்றரை. கை, இடுப்பு, உயரம். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். யாரிடமோ பேனா வாங்கி எழுதிக்கொண்டாள்.

"மெலிஞ்சு கீதாக்கா?" என்றாள் கடைசியில்.

அந்தச் சமயம் அவள் ஒரு மனுப் போட்டிருந்தாள். மே மாத லீவு முழுவதும் பிள்ளை தன்னோடு இருக்க வேண்டும் என்று. அதற்காகவே மறைமலைநகரில் தனி வீடு பிடித்து, ஜன்னலுக்கு வலை அடித்து, சின்னதாக ஒரு கட்டிலும் வாங்கிப் போட்டிருந்தாள். என் நோட்டை அவள் வக்கீலிடம் கொடுத்தோம். வாய்தா அன்று நானும் கடையைச் சாத்திவிட்டுச் செங்கல்பட்டுக்குப் போனேன்.

ஜட்ஜ் அறையிலிருந்து பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தது. அது போட்டிருந்த உடுப்பு பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. நான் கடைசியாகத் தைத்தது. தோள் முழங்கை வரைக்கும் தொங்க, முதுகுப் பக்கம் ஐந்தாறு ஊக்கு குத்தியிருந்தது. கோர்ட்டுக்கென்று அதைத் தேடி எடுத்துப் போட்டுக் கூட்டி வந்திருக்கிறார். உள்ளே பிள்ளை சொன்னது, 'எங்கம்மாவுக்கு என் சைஸ்கூடத் தெரியாது. அவங்களோட எப்படி ஒரு மாசம் இருக்கிறது?' என்பதுதான். வக்கீல் பிறகு வந்து சொன்னார். அவள் அன்றைக்கு எழுதிக்கொண்ட அளவைப் பையிலிருந்து எடுத்து மறுபடி படித்தாள்.

அவர் என்னிடம் வந்து, யாருக்கும் கேட்காதபடி, "தைச்சது யாருன்னு கேட்டா நான் உங்க பேரத்தான் சொல்லணும் மேடம்" என்றார்.

"சொல்லு. அளந்தவன் யாருன்னு கேட்டா நான் சொல்றேன்" என்றேன்.

ஆனால் யாரும் கேட்கவில்லை. நோட்டுக்குப் பதில் சொல்ல அவருடைய வக்கீல் அவகாசம் வாங்கினார். அடுத்த வாய்தாவுக்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும். அதுவரைக்கும் ஒரே ஒரு நாள், மாமல்லபுரத்தில், காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை அம்மா பிள்ளையைப் பார்க்கலாம் என்று உத்தரவானது.

அந்த ஒரு நாளுக்கு நான் ஒரு உடுப்புத் தைத்தேன். என் கையால் எடுத்த அளவு, வளர்வதற்குக்கூட எதுவும் சேர்க்கவில்லை. கூலி வாங்கவில்லை. நானும் வருகிறேன் என்று அவளோடு போனேன். நாலு வருடம் தப்பாகத் தைத்த கை, ஒருமுறையாவது சரியாகத் தைத்ததைப் பார்க்க வேண்டாமா?

பிள்ளை முதல் ஒரு மணி நேரம் எங்களுக்கு முன்னால் தனியாகவே நடந்தது. கடற்கரைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன் வறுவல் வந்தபிறகுதான் முகம் கொஞ்சம் இளகியது. அவள் முள் எடுத்து எடுத்து வைத்தாள், அது சாப்பிட்டது. பிறகு உடுப்பைக் கொடுத்தாள். "சேராது" என்று சொல்லிக்கொண்டேதான் பிள்ளை கை கழுவும் அறைக்குள் போனது.

வெளியே வந்தபோது வேறு பிள்ளை. தோள் தோளில் உட்கார்ந்திருந்தது. இடுப்பு இடுப்பில் நின்றது. பக்கத்துச் சங்குக் கடைக் கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தது. கையைத் தூக்கியது, இறக்கியது, மறுபடி தூக்கியது. "கழுத்துல குத்தவே இல்லம்மா" என்று அவளிடம் ஓடி வந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எப்படிம்மா கரெக்டா இருக்கு? அப்பா அளவு எடுத்துக் குடுத்தாரா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். நாலு வருடத்துப் பேச்சு அத்தனையும் நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ஆமா கண்ணு."

பிள்ளை மணலுக்கு ஓடியபின் அவளைப் பிடித்து உலுக்கினேன். "ஏன்டீ? பைத்தியமாடீ நீ?"

"சொன்னா நம்புமாக்கா? அவங்கப்பாவப் பத்தி நான் பொய் சொல்றேன்னு நெனைக்கும். இந்த ஒரு நாளும் பூடும்."

ஐந்து மணிக்கு, ஒரு நிமிடம் முன்னும் பின்னும் இல்லாமல், அவர் வந்தார். பிள்ளையைப் பார்த்தார். தோளைப் பார்த்தார், கையைப் பார்த்தார், கீழ் மடிப்பைப் பார்த்தார். அந்தக் கண்ணுக்கு டேப்பு தேவையில்லை.

"சூப்பரா இருக்குல்லப்பா? நீங்கதான அளவு குடுத்தீங்க?"

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆமாடா" என்றார்.

அந்தத் தீபாவளிக்கு வந்த சீட்டில் இம்மி பிசகில்லை. அதற்கடுத்த பொங்கலுக்கும் அப்படியே. தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் வந்த வாய்தாவில் பிள்ளை சரியான உடுப்போடு போய், "இப்பல்லாம் அப்பா அளவெடுத்துத் தராரு, அதனால அம்மா குடுக்கிற ட்ரெஸ் சேருது" என்று சொன்னதாம். பழைய சீட்டெல்லாம் வளர்வதற்குச் சேர்த்து எழுதியது, டெய்லர் அது புரியாமல் தைத்துவிட்டார் என்று அவர் வக்கீல் சொன்னாராம். லீவு மாதம் அவளுக்குக் கிடைக்கவில்லை. மறுவருடம் அவருக்கு வடக்கே எங்கோ மாற்றலாகி, பிள்ளையையும் கூட்டிப் போய்விட்டார். மறைமலைநகரில் அந்தச் சின்னக் கட்டிலில் இப்போது அவள் துணி மடித்து வைக்கிறாள். அவளிடமிருந்து மாதப் பணம் ஒரு நாள் தவறாமல் போகிறது.

கிளம்புவதற்கு முந்தின வாரம் அவர் கடைசியாக என் கடைக்கு வந்தார். பிறந்தநாள் உடுப்புக்குச் சீட்டு. கொடுத்துவிட்டு, ஆணியிலிருந்து மஞ்சள் டேப்பை எடுத்துத் தன் இரும்பு டேப்போடு வைத்துப் பார்த்தார். "இன்னும் கரெக்டா இருக்கு" என்று சந்தோஷமாகத் திரும்ப மாட்டினார். பிறகு சொன்னார்.

"நல்லபடியா தைச்சுக் குடுங்க மேடம். முன்ன மாதிரி தப்பு வந்துடக்கூடாது. பாவம், அவளுக்குத்தான் கெட்ட பேரு."

அந்த உடுப்பையும் தைத்துக் கொடுத்தேன். அளவு, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தது. முதல் நாள் அவள் சொன்னபடி, கழுத்தில் ஜரிகை வைக்கவில்லை. அது மட்டும் அவர் எழுதின எந்தச் சீட்டிலும் இல்லை.